குலுக்கைக்குள் ஒரு பிரான்ஸ் தேசம்

சங்கரன்கோவில்,
12.8.1983

மதிப்பும் மரியாதையும் மிகுந்த ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு,

வடக்கு ரத வீதியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியன் சௌந்தரபாண்டியன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் எங்கள் எருமையும் சுகம். தங்கள் சுகத்தையும், அலுவலகத்தார் சுகத்தையும், அச்சு இயந்திரத்தின் சுகத்தையும் அறிய ஆவல். என் மனைவி சீனியம்மாள் சுகமா என்று கேட்பீர்கள். எனக்கே தெரியவில்லை. அவள் என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. அதற்குக் காரணம் தங்கள் பத்திரிகை. உடனே கோபித்துக்கொள்ள வேண்டாம், முழுக்கப் படித்துவிட்டு ஆற அமரக் கோபித்துக்கொள்ளுங்கள்.

பங்குனி மாதத்து இதழ் ஒன்றில் 'உலகத்தார் விரும்பும் பாலாடைக்கட்டிகள்' என்று நடுப்பக்கத்தில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். ஹாலந்துக்காரர்கள் சீஸை உருண்டையாக உருட்டிச் சிவப்பு மெழுகுச் சட்டை போட்டு விற்கிறார்கள் என்றும், சுவிட்சர்லாந்து சீஸில் ஓட்டை விழுந்தால்தான் மரியாதை என்றும், கிரேக்கத்தில் உப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள் என்றும், இங்கிலாந்துக்காரர் பாரம் ஏற்றி அமுக்குகிறார் என்றும், இத்தாலியில் ஒரு சீஸை இரண்டு வருஷம் அலமாரியில் அடுக்கிவைத்துக் காத்திருக்கிறார்கள் என்றும், பிரான்ஸ் தேசத்தில் வெள்ளையாகப் பூசணம் பூக்கவிட்டு அதைத் தோலோடு தின்கிறார்கள் என்றும் படம் போட்டு எழுதியிருந்தது. முப்பத்தோரு வருஷம் நான் கரும்பலகையில் இந்த தேசங்களையெல்லாம் கோடு பிசகாமல் வரைந்தவன். பக்கத்தில் 'முக்கியத் தொழில்: பால் பண்ணை' என்று எழுதிப்போடுவேன், பையன்கள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் அதையே எனக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். அத்தனை பாலையும் அந்த ஊர்க்காரர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று ஒரு பையன்கூடக் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. மதுரைக்கு வடக்கே போகாமலே ஓய்வுபெற்ற எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்ததும் வெட்கமாக இருந்தது. அதிலும் இத்தாலியில் ஒரு சீஸ் எருமைப் பாலில்தான் செய்கிறார்கள் என்ற வரியைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. தொழுவத்துக்குப் போய் எங்கள் எருமையிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன்.

சீனியம்மாளிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பாலு திரிஞ்சா நாங்க கீழ ஊத்துவோம். ஒங்க வெள்ளக்காரன் அதுக்கு ஒரு பேரு வச்சு விக்கானாக்கும்?"

"ஏட்டி, அது கலை. பிரான்ஸில் நூற்றுக்கணக்கான வகை செய்கிறார்கள்."

"செய்யட்டும். எம் பாத்திரத்துல செய்யாதிய."

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவள் கைபட்ட ஊறுகாய் கெடாது. நார்த்தங்காய், மாவடு, எலுமிச்சை எதுவானாலும் மூன்று வருஷம் கழித்துத் திறந்தாலும் போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். எங்கள் தெருவில் புதுசாகக் கல்யாணமாகி வருகிற பெண்கள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு இவளிடம்தான் வருவார்கள். ஜாடிக்குள் மூக்கை நீட்டி, "ஈரக்கையோட அள்ளியிருக்கிய" என்று தீர்ப்புச் சொல்வாள், அந்தப் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். பூசணம் என்ற சொல்லை இவள் சொல்லும்போது வேறு வீடுகளில் திருட்டு என்று சொல்கிற குரல் இருக்கும். இதெல்லாம் தெரிந்தும் நான் அவள் வீட்டில் பூசணம் வளர்க்கத் துணிந்தேன் என்பதுதான், ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதத்தின் சாரம்.

முதலில் தங்கள் கட்டுரையில் மூன்றாம் பத்தி நான்காம் வரி. பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து ஒரு சரக்கு எடுப்பார்கள் என்று அச்சிட்டிருந்தீர்கள். சீனியம்மாள் தங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசியில் அச்சிட்டோர் முகவரி வரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவள். அவள் கண்ணில் படக்கூடாதென்று அந்த வரிமேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிட்டு, நான் எலுமிச்சம்பழத்தையும் மோரையும் வைத்துச் சமாளித்தேன். சாயங்காலப் பாலைப் பத்து நாள் எடுத்துக்கொண்டேன். வடிகட்டி உருவம் கொடுக்கத் துளை போட்ட அச்சு வேண்டும் என்று எழுதியிருந்தது. அதற்குக் கொட்டாங்கச்சியை விடப் பொருத்தமான பொருள் உலகத்தில் இல்லை, கண்ணைக் குத்திவிட்டால் போதும், தண்ணீர் தானாக இறங்குகிறது. இதை பிரான்ஸ்காரருக்கு யாராவது தெரிவித்தால் நல்லது. பாரம் ஏற்ற அம்மிக்குழவியை எடுத்தேன், அன்றைக்குத் துவையல் இல்லை. உப்புத் தண்ணீருக்கு மாவடு ஜாடியிலிருந்து இரண்டு கரண்டி எடுத்தேன், ஜாடி இரண்டு விரல் நகர்ந்திருந்ததை அவள் கண்டுபிடித்துவிட்டாள், பூனை மேல் பழி போட்டேன். ஓட்டை தானாக விழவில்லை, ஜாமெட்ரி பெட்டியில் இருந்த கவராயத்தால் நானே குத்தினேன். கடைசியில் சுவிட்சர்லாந்து உடைந்துபோயிற்று, ஹாலந்து உருண்டையாக வரவில்லை, இத்தாலிக்காகக் காத்திருக்க என் வயது இடம் கொடுக்காது. பிரான்ஸ் ஒன்றுதான் மிஞ்சியது.

பிரான்ஸுக்குப் பூசணம் வேண்டும். வீட்டில் கிடையாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மன்சூர் அலி டீக்கடைக்குப் போனேன். பத்து வருஷமாக அங்கேதான் டீ குடிக்கிறேன். உரிமையோடு, "மன்சூரு, பூசணம் புடிச்ச பன் ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டேன். கடையில் இருந்த ஐந்தாறு பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"சார், எங் கடையில பூசணம் புடிச்ச பன்னா? ஆரு சார் ஒங்ககிட்ட சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கு வேணும், அதான் கேக்கேன்."

"வேணும்னா என்ன சார் அர்த்தம்? எம் மேல வருத்தம் இருந்தா தனியாக் கூப்பிட்டுச் சொல்லக்கூடாதா? இப்படி ஆளுங்க முன்னால வச்சா கேப்பிய?"

மறுநாள் காலையில் பன்னிரண்டு புது பன் சுடச்சுட வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மனிதர் எதற்கோ மன்னிப்புக் கேட்டிருந்தார். அதில் ஒன்றை எடுத்து, பூமத்திய ரேகையில் பிளந்துபோன என் பழைய பூகோள உருண்டைக்குள் வைத்து மூடினேன். ஆறாம் நாள் திறந்து பார்த்தபோது தென் அமெரிக்காவுக்குள் வெள்ளை வெளேரென்று பஞ்சு போலப் பூத்திருந்தது. அதை உதிர்த்து, பிரான்ஸுக்கென்று கொட்டாங்கச்சியில் வடித்து வைத்திருந்த பதினேழு கட்டியிலும் தூவினேன்.

அடுத்தது, பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சியில் இருட்டான குகையில் வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சங்கரன்கோவிலில் பன்னிரண்டு என்ற எண்ணை நான் பையன்களின் விடைத்தாளில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கரிசல்காட்டில் குகைக்கு எங்கே போக? யோசித்துப் பார்த்ததில் குலுக்கை ஞாபகம் வந்தது. சென்னையில் தெரியாமல் இருக்கலாம். ஆள் உயரத்துக்கு மண்ணால் வனைந்த தானியக் கூடு அது, தலைப்பக்கம் மூடி இருக்கும், உள்ளே கையை விட்டால் வெயில் காலத்திலும் சில்லென்றிருக்கும். எங்கள் வீட்டுச் சின்னக் குலுக்கையில் பருத்தி வைத்திருந்தோம். பனவடலிசத்திரத்துப் பக்கம் எங்களுக்கு இருக்கிற இரண்டு ஏக்கரில் விளைந்தது. எங்கள் ஊர் ஆடித்தபசு அன்றைக்கு, தபசிருக்கும் கோமதியம்மனுக்கு அவரவர் காட்டில் விளைந்த பருத்தியும் வத்தலும் கம்பும் சோளமும் கொண்டுபோய்க் கூட்டத்தில் நின்று வாரி வீசுவோம், சூறை விடுவது என்று பெயர். அதற்கென்று சீனியம்மாள் ஒவ்வொரு சுளையாகத் தேர்ந்தெடுத்து வைத்த பருத்தி அது. கட்டிகளை வைக்கோலில் படுக்கவைக்கச் சொல்லியிருந்தது. வைக்கோல் குத்தும், பருத்தி மெத்தென்றிருக்கும் என்று நான் நினைத்தேன். அந்த நினைப்பில்தான் என் புத்தி எருமை மேய்க்கப் போய்விட்டது.

வாசனை பதினைந்து நாளில் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று சீனியம்மாள் வீட்டைத் தலைகீழாக்கினாள். பரணில் ஏறினாள், பத்தாயத்தை நகர்த்தினாள், நாலு நாள் தேடினாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் கூடச் சேர்ந்து தேடினேன். "இங்கன இல்ல சீனி, அங்கன பாரு" என்று கைவிளக்கையும் பிடித்தேன்.

தபசும் வந்தது. அவளுடைய அண்ணன் காசிராஜனும் மதினி சுந்தரம்மாளும் திருவேங்கடத்திலிருந்து வந்திருந்தார்கள். சுந்தரம்மாள் இந்த வீட்டுக்கு வந்தால் விரலால் ஜன்னலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள், இருபது வருஷமாகத் தூசி கிடைக்கவில்லை. சாயங்காலம் அவசரம் அவசரமாக சீனியம்மாள் குலுக்கையின் மூடியைத் திறந்து இருட்டில் கையை விட்டு, பை நிறையப் பருத்தியை அள்ளிக்கொண்டாள். உள்ளே இருந்ததும் வெள்ளை, பஞ்சாகப் பூத்து உருண்டையாக இருந்ததும் வெள்ளை. பகலிலேயே வித்தியாசம் தெரிந்திருக்காது.

கூட்டம் உங்களுக்குத் தெரியாது, எள் போட இடமில்லை. இவள் கண்ணை மூடி, இந்த வருஷமும் காடு விளையணும் தாயே என்று வேண்டி, இரண்டு கையாலும் வாரி வாரி வீசினாள். பருத்தி மிதந்து போயிற்று. ஒன்று மட்டும் மிதக்கவில்லை. நேராகப் போய் நாலு வரிசைக்கு முன்னால் நின்ற காசிராஜனின் வழுக்கைத் தலையில் 'சொத்' என்று உட்கார்ந்தது. மனிதர் பக்திமான். அம்மன் அருள் தன் தலையில் இறங்கியதென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, வழிந்ததை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டார். அவர் முகம் சுளித்ததாக நான் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற சுந்தரம்மாள்தான் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, அத்தனை கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"ஏட்டி சீனி! ஒன் வீட்டுப் பருத்தியில பூசணம்லா பூத்திருக்கு!"

ஆசிரியர் அவர்களே, என் மனைவியின் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்தேன். ஜாடி தூக்கிக்கொண்டு வருகிற எங்கள் தெருப் பெண்களும் அங்கேதான் நின்றார்கள். அவர்கள் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அம்மனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். வீட்டுக்கு வந்து குலுக்கையைத் திறந்தாள். உள்ளே பதினாறு கட்டி. என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன், திட்டவில்லை. மூடியை மூடி அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

சோறு வருகிறது, காப்பி வருகிறது, பேச்சு வரவில்லை. ஏதாவது தீர்ந்துபோனால் காலி டப்பா என் செய்தித்தாள் மேல் வந்து உட்காரும், நான் வாங்கி வருவேன். இதில் உப்பு டப்பா மட்டும் மூன்று தடவை வந்துவிட்டது. கோபத்தில் குழம்பில் கொட்டுகிறாளோ என்று பயந்து சாப்பிட்டேன், உப்பு அளவாகத்தான் இருந்தது. போன திங்கட்கிழமை ஒரு தூக்குவாளியோடு திருவேங்கடம் பஸ் ஏறினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் வீட்டோடு இருந்துவிடுவாளோ என்று நான் அன்று பகல் முழுவதும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வெறும் வாளியோடு வந்து இறங்கினாள். அந்த நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் பேசினால் அடுப்பைப் பார்க்கிறாள். தனியாக எழுதிக் கொடுத்தால் படிக்கமாட்டாள், பிடிவாதக்காரி. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம், ஆனால் நான் சொல்வது பத்தடி தூரத்தில் இருக்கிற அவளுக்குப் போய்ச்சேர வேண்டுமென்றால் அது சென்னைக்குப் போய் அச்சாகி வியாழக்கிழமை திரும்பி வந்தால்தான் உண்டு. தங்கள் பத்திரிகையில் வந்ததை மட்டும் அவள் படிக்காமல் விடமாட்டாள்.

ஆகையால் தங்களை நான் கேட்டுக்கொள்வது, வாசகர் கடிதப் பகுதியில் கீழ்க்கண்டதை எழுத்துப்பிழை இல்லாமல் வெளியிட வேண்டும்: 'சங்கரன்கோவில் வடக்கு ரத வீதி சீனியம்மாள் குடித்தனம் பண்ணிய முப்பத்தாறு வருஷத்தில் அவள் வீட்டில் பூசணம் பூத்ததே இல்லை. பூத்தது அவள் கணவனின் புத்தியில். அவள் அம்மன் முன்னால் வீசியதும் எங்கள் எருமையின் பாலில் வந்ததே, தயிருக்கும் நெய்க்கும் தம்பி முறை. குற்றம் எதுவானாலும் அது அவள் கணவனைச் சேரும். வீடு பேச்சில்லாமல் கிடக்கிறது, அவனால் தாங்க முடியவில்லை.' இதோடு, தங்கள் கட்டுரை தப்பும் தவறுமாக இருந்தது என்றும், வாசகர்கள் யாரும் அதைப் படித்துவிட்டு வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்துவிட்டால் என் ஆயுளுக்கும் சந்தாதாரனாக இருப்பேன்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அலுவலகத்தில் மைக்கறையோடு உழைக்கிறவர்களும் சங்கரநாராயணர் துணையால் நல்லபடியாக, முக்கியமாக வீட்டில் பேச்சுவார்த்தையோடு, வாழ வேண்டுகிறேன்.

தங்கள் நீண்டநாள் வாசகியின் கணவன்,
சௌந்தரபாண்டியன்

பின்குறிப்பு: மேலே கண்ட எதையும் வெளியிட வேண்டாம். உறையை ஒட்டச் சோற்றுப்பருக்கை எடுக்க அடுக்களைக்குப் போனேன். திரும்பி வந்தால் சீனியம்மாள் என் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் பருக்கையோடு நின்றேன். கடைசி வரைக்கும் படித்தாள். பிறகு பத்தொன்பது நாளைக்கு அப்புறம் வாயைத் திறந்தாள்.

"பதினாறு கட்டின்னு எழுதியிருக்கிய. இப்ப ஆறுதான் இருக்கு."

"மிச்சம் எங்க சீனி?"

"ஆறு சரியில்ல, எருக்குழியில போட்டேன். நாலு அண்ணன் வீட்டுக்குக் குடுத்துவிட்டேன். கம்பங்கூழுக்குத் தொட்டுக்கிட நல்லா இருக்காம்."

"சுந்தரம்மாள் ஒண்ணும் சொல்லலையா?"

"கேட்டதே அவதான்."

எழுந்து போய்க் குழவியை இறக்கிவைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே பருத்தி இல்லை, பனை ஓலைப் பாய் விரித்து ஆறு கட்டியும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் வரிசையாக இருந்தன. தினமும் உப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்துத் திருப்பிப் போட்டிருக்கிறாள். மூன்று டப்பா உப்பும் அங்கேதான் போயிருக்கிறது. "பாதியில விட்ட பண்டம் எம் வீட்டுல கிடயாது. செஞ்சவருக்குத்தான் புத்தி இல்ல, எருமைப்பாலு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள். ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தாள். எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தமிழ் போதவில்லை. மன்சூர் அலிக்கும் ஒன்று கொடுத்துவிட்டு, பன் விஷயத்தை விளக்கிச் சொல்லிவிட்டு வரும்படி உத்தரவாகியிருக்கிறது.

தங்கள் கட்டுரை தவறு என்று நான் எழுதியது தவறு. அதில் சொல்லியிருக்கிற உப்பின் அளவு மட்டும் பத்தாது, அதைத் திருத்திக்கொள்ளவும். இரைப்பை என்ற வரியை நான் ஒட்டி மறைத்ததை அன்றைக்கே விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டாளாம். பிழிந்த எலுமிச்சம்பழத் தோல் குப்பைத் தொட்டியில் கிடந்ததைப் பார்த்து, அந்தச் சரக்கு சேரவில்லை என்று தெரிந்ததால்தான் சும்மா இருந்தாளாம்.

நான் கேட்டுக்கொண்ட அந்த வாசகத்தை மட்டுமாவது போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றாள். "முப்பத்தாறு வருஷத்துல நீங்க எனக்கு ஒரு கடுதாசி எழுதினதில்ல. ஒரே வீட்டுல இருக்கோம், எதுக்கு எழுதணும்னு நானும் கேட்டதில்ல. இது எனக்கு எழுதினதுதான? ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுக்கவேண்டாம். எனக்கு வேணும்." கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆகவே தங்களுக்கு வந்திருப்பது நகல். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அசலைப் பிரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகச் சரிபார்த்தாள். பிடிவாதக்காரி என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டையும் அடிக்கச் சொன்னாள். ஒன்றை விட்டுவைத்திருக்கிறேன்.